ஹம் எனக்கு, ஸ்டுட்கார்ட் உனக்கு, பிராங்பேர்ட் பொது

மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்திருக்கும் உங்களில் அரைவாசிப் பேருக்கு என்னைவிட நல்ல ஜெர்மன் தெரியும். அதை நீங்கள் மரியாதையாக மறைக்கிறீர்கள். நானும் தெரியாததுபோல இருக்கிறேன். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஜெர்மனில் மேசை ஆண்பாலா பெண்பாலா என்ற சந்தேகம் கனவிலும் வராது. மன்னாரிலிருந்து வளர்ந்த ஆளாக வந்திறங்கிய நான் இன்றைக்கும் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் மேசையைத் தொடுவேன். இருந்தும், நீதிமன்றத்துக்கும் பொலிசுக்கும் தமிழ் பேசிக்கொடுக்கும் இந்த வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகும் என்னை விடுகிறீர்கள் இல்லை. தேநீரைக் கையில் தந்துவிட்டு எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள்: "அக்கா, நீங்கள் மாஃபியாக் கேஸ் ஏதும் செய்தனீங்களோ?"

செய்தேன். ஒன்றே ஒன்று. ஆளை அடையாளம் காட்டக்கூடியவை எல்லாவற்றையும் மாற்றித்தான் சொல்வேன். ஆகவே ஹம் நகரத்தில் எந்தக் கடை என்று கைத்தொலைபேசியில் தேடிக் களைக்காதீர்கள்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. அப்போது தமிழ்ப்படம் பார்க்க வேண்டுமென்றால் தமிழ்க்கடைக்குத்தான் போகவேண்டும். அரிசி, மாசிக்கருவாடு, தேங்காய்ப்பூ வாங்குகிற அதே இடத்தில், காசு கொடுக்கிற மேசைக்குப் பக்கத்தில் டிவிடிப் படக்கொப்பிகள் அடுக்கியிருக்கும். சென்னையில் படம் வந்த கிழமையே, தியேட்டரில் களவாக எடுத்த கொப்பி இங்கே வந்துவிடும். படத்தில் கதாநாயகன் அழும்போது முன்வரிசையில் யாரோ எழுந்து போவதும் சேர்ந்து தெரியும். அந்தக் கொப்பிகளை எந்தக் கடைக்கு யார் கொடுப்பது என்பதில்தான் சண்டை வந்தது. உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். கண்ணாடி உடைந்தபோது ஹம்மில் ஒரு கடைக்காரருக்குச் சிரிப்பாக இருக்கவில்லை.

ஹம் நிலையத்துக்குக் கிட்ட, எங்கள் மன்னார்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று நடத்திய சின்னக் கடை அது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், கடை பூட்டியிருந்தது. வெயில் விழுகிற இடம் என்று கைக்குழந்தையின் தொட்டிலை அந்தப் பெரிய கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். கல் வந்தது. கண்ணாடி முழுவதும் உள்ளே கொட்டியது. பிள்ளைக்கு ஒரு கீறலும் இல்லை. எப்படி இல்லாமல் போனது என்று தகப்பனுக்கும் தெரியாது, பொலிசுக்கும் தெரியாது. ஆனால் யார் எறிந்தது என்று பொலிஸ் கேட்டபோது அவர் வாயைத் திறக்கவில்லை. "கல்லைத்தான் கண்டனான், ஆளைக் காணேல்லை" என்று சொன்னதையே திரும்பச் சொன்னார். அதை மொழிபெயர்த்தது நான்தான். பொலிஸ் நிலைய வாங்கில் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். அவருடைய முழங்கால் விடாமல் ஆடிக்கொண்டிருந்தது. அதை மொழிபெயர்க்க என்னால் ஏலாது.

இப்போது கொமிசாரை, அதாவது இந்தக் கேஸைப் பார்த்த பொலிஸ் அதிகாரியைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயர் வேண்டாம், "கொமிசார்" போதும். கோட்டின் பொத்தான் பூட்டாத அளவு பெரிய மனிதர். ஓய்வுக்கு இன்னும் கொஞ்சக் காலம்தான் இருந்தது. திட்டமிட்ட குற்றங்களைப் பார்க்கும் பிரிவில் இருந்தார். அவருடைய அறைச் சுவரில் எல்லாரும் வைத்திருப்பதுபோல ஜெர்மனி வரைபடம் இல்லை. அமெரிக்கா வரைபடம் இருந்தது. அதில் கலர் கலராகக் குண்டூசிகள். நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் அமெரிக்காவில் இருந்த குற்றக் குடும்பங்கள் எந்தெந்த நகரத்தை வைத்திருந்தன என்று அவர் தன் சொந்த நேரத்தில் படித்துக் குத்தியவை அவை. சக பொலிஸ்காரர்கள் அவருக்குப் பின்னால் கண்ணைச் சிமிட்டிக் கொள்வார்கள். மனைவி அந்தப் படத்தை வீட்டுக்குள் விடமாட்டார் என்று அவரே சொன்னார்.

"இங்கே பாருங்கள்," என்பார். அவர் பேசியதெல்லாம் ஜெர்மனில், அதை நான் தமிழில் தருகிறேன். "பொதுவாக ஒரு நகரத்துக்கு ஒரு குடும்பம். சிக்காகோவில் ஒன்று. நியூயோர்க் பெரிது, அதனால் அங்கே ஐந்து. அடுத்த ஊரில் தொழில் செய்யவேண்டுமென்றால் அந்த ஊர்க் குடும்பத்தைக் கேட்கவேண்டும். கேட்காமல் போனால் சண்டை. சண்டை வந்தால் பெரிய குடும்பங்களின் தலைவர்கள் கூடி இருந்து தீர்ப்பார்கள். அவர்கள் சொல்லாமல் ஒரு தலைவரைக் கொல்லவும் முடியாது."

"நல்ல ஒழுங்கான ஆட்கள்தான்," என்றேன்.

"இன்னும் கேளுங்கள். லாஸ் வேகாஸ், மயாமி இரண்டும் திறந்த நகரங்கள். யாருக்கும் சொந்தம் இல்லை. எல்லாரும் போகலாம், எல்லாரும் உழைக்கலாம். ஏன் தெரியுமா? அங்கே எல்லாருக்கும் போதுமான அளவு இருந்தது. ஒருவர் தனக்கென்று பிடித்தால் எல்லாருக்கும் கெட்டுப்போகும்."

எங்கள் ஊரில் ஒரு கிணற்றை ஐந்து குடும்பம் பங்கு வைத்து, இன்னாருக்கு இன்ன நாள் என்று இறைப்பார்கள் என்று நான் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்படியென்றால் உங்களுக்கு எல்லாம் விளங்கும்!" என்றார். ஐம்பதுகளின் குற்றக் குடும்பமும் எங்கள் தோட்டக்காரரும் ஒன்றாகிவிட்டது எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. ஆனால் அவர் அன்றைக்கு எனக்குக் கோப்பி ஊற்றித் தந்தார். பேசாமல் குடித்தேன்.

ஒரு நாள் காலையில் அவசரம் என்று கூப்பிட்டார். போனபோது மேசையில் தொலைபேசி ஒட்டுக்கேட்ட பதிவு ஒன்று இருந்தது. பதிவில் பேசுபவர் ஹம்மில் இருந்த ஒருவர். ஹம்மைச் சுற்றிய ரூர் பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் படக்கொப்பி கொடுப்பவர். எங்கள் ஆட்கள் அவரைப் பெரியவர் என்பார்கள். அடித்துப் பேசமாட்டார், கத்தமாட்டார். "மற்றவனிட்டை எடுத்தால் தம்பி, நீர் கடை நடத்துறது கஷ்டம்" என்று இரக்கத்தோடு சொல்வார். ஸ்டுட்கார்ட்டில் இருந்து அந்தப் பக்கத்துக் கடைகளைப் பிடித்திருந்தவன் முப்பது வயதும் வராத ஒருவன். அவனைச் சின்னவர் என்பார்கள். பதிவில் பெரியவர் தன் மச்சானோடு பேசுகிறார்:

"நான் அவனோடை முதலே பேசின பேச்சுத்தானே. ஹம் எனக்கு, ஸ்டுட்கார்ட் உனக்கு, பிராங்பேர்ட் பொது. விமானத்திலை சாமான் வந்திறங்கிற இடம், அது ஆருக்கும் சொந்தமில்லை. அவன் சொல்லுக் கேட்டவனே? இப்ப ஹம்முக்குள்ளையே வந்து நிக்கிறான்."

"அப்ப என்ன செய்யப்போறியள், அத்தான்?"

"ஆடி போகட்டும். ஆவணிக்குள்ளை ஸ்டுட்கார்ட்காரனை முடிச்சுவிட்டால் எல்லாச் சோலியும் தீர்ந்துது."

கொமிசார் கையை மேசையில் வைத்து எழும்பியே விட்டார். "திறந்த நகரம்! கேட்டீர்களா? பிராங்பேர்ட் திறந்த நகரம்!" என்றார். முப்பது வருடமாகத் தேடிய பறவை யன்னலில் வந்து குந்தியதுபோல இருந்தது முகம். பிறகு அதே முகம் இருண்டது. அவருக்குக் கிடைத்திருந்த மொழிபெயர்ப்பில் கடைசி வசனம், ஆளைக் கொன்று முடிப்பது என்ற பொருளில் இருந்தது.

அதைச் செய்து கொடுத்தவர் பிராங்பேர்ட்டில் கணினிக் கம்பனியில் வேலை செய்த மதுரைப் பக்கத்து இளைஞர். சனிக்கிழமைகளில் எங்கள் வேலையும் செய்வார். தங்கமான பிள்ளை. தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"மேடம், எங்க ஊர்ல ஒருத்தனை முடிச்சிட்டாங்கன்னா முடிச்சிட்டாங்கதான்," என்றார். "உங்க ஊர்ல வேற மீனிங் இருக்கா?"

"இருக்குது, தம்பி. எங்கடை பக்கத்திலை கலியாணம் கட்டுறதையும் முடிக்கிறது எண்டுதான் சொல்லுறது."

"கல்யாணத்துக்கா? அதுவும் ஓரளவுக்கு கரெக்ட்தான் மேடம்," என்றார். அவருக்கு அந்த வருடம்தான் கல்யாணம் நடந்திருந்தது.

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன், தொலைபேசியை வைக்கும்வரை. வைத்துவிட்டுத் திரும்பினால் கொமிசார் நிற்கிறார். இரண்டு பொருளையும் சொன்னேன். "அரசு வழக்கறிஞர் என் பதிலுக்காகக் காத்திருக்கிறார். கொலையா, கலியாணமா? ஒன்றைச் சொல்லுங்கள்."

இங்கேதான் நீங்கள் கவனமாகக் கேட்கவேண்டும். தேநீரை வையுங்கள். அந்த நேரத்தில் எனக்கு எது சரி என்று மனதுக்குப் பட்டது. ஆடி மாதத்தில் நல்ல காரியம் செய்யமாட்டார்கள், ஆவணி பிறக்கட்டும் என்று காத்திருப்பார்கள். கொலைக்கு யாரும் மாதம் பார்ப்பதில்லை. அதையும் கொமிசாரிடம் சொன்னேன். ஆனால் மனதுக்குப் படுவது வேறு, சத்தியம் பண்ணிச் சொல்வது வேறு. பெரியவர் பகிடியாக ஆவணி என்று சொல்லியிருந்தால்? பேச்சுவழக்கில் தவணைபோலச் சொல்லியிருந்தால்? நான் கலியாணம் என்று எழுதிக்கொடுத்து, ஆவணியில் ஸ்டுட்கார்ட்டில் ஒருவனைப் புதைத்தால்? கொலை என்று எழுதிக்கொடுத்து, பெண் பார்க்கப் போன வீட்டுக்குள் ஆயுதப் பொலிஸ் கதவை உடைத்துக்கொண்டு போனால்?

"இரண்டும்தான்," என்றேன். "இந்த வசனத்துக்கு இரண்டு பொருளும் சரி. எது என்று பேசியவருக்குத்தான் தெரியும். நான் இரண்டையும் எழுதிக் கையெழுத்து வைப்பேன். ஒன்றை மட்டும் எழுதமாட்டேன்."

"இருபது வருடமாக இந்த வேலை செய்கிறீர்கள். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்."

அவருக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவருடைய காது சிவக்கும். யன்னலுக்குப் போனார், திரும்பி வந்தார், அமெரிக்கா வரைபடத்தின் முன்னால் நின்றார். என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் குண்டூசிகளைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னார்:

"அவர்களும் அதைத்தான் செய்தார்கள்."

"யார்?"

"இவர்கள்." டிட்ரோய்ட் என்ற இடத்தில் விரலை வைத்து நியூயோர்க் வரைக்கும் இழுத்தார். "அடுத்த நகரத்துக் குடும்பத்தோடு பகை வந்தால் ஒன்று சுடுவார்கள். இல்லாவிட்டால் இந்தத் தலைவரின் மகளை அந்தத் தலைவரின் மகனுக்குக் கட்டிக்கொடுப்பார்கள். அந்தக் கலியாணங்களில் எந்த ஊர் மேசை எங்கே என்பதைப் பார்த்தே அங்கத்தைய பொலிஸ் யார் யாரோடு சமாதானம் என்று கண்டுபிடித்தது." என்னைப் பார்த்தார். "பெரியவருக்கு மகள் இருக்கிறாளா?"

எனக்குத் தெரியாது என்றேன். தேடிப் பார்த்தார்கள். இருந்தாள். ஒரே மகள், பெயர் நிரோஷா என்று வைத்துக்கொள்வோம். இருபத்திரண்டு வயது, பல் வைத்தியரிடம் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியை முடிக்கிற தறுவாயில் இருந்தாள்.

பின்னாலிருந்து கண்ணைச் சிமிட்டியவர்கள் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கமாட்டார்கள். நானும் கேட்டிருக்கமாட்டேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்களோடு வேலை செய்பவர்களின் பைத்தியங்களைப் பார்த்துச் சிரியுங்கள். ஆனால் முழுக்கச் சிரித்து முடிக்காதீர்கள்.

ஒருவருடைய உயிருக்கு ஆபத்து இருக்கக்கூடும் என்று பொலிசுக்குத் தெரிந்தால், அவருக்குச் சொல்லவேண்டும். பாதிச் சந்தேகமானாலும் சொல்லவேண்டும். ஆகவே கொமிசாரும் நானும் ஸ்டுட்கார்ட்டுக்கு ரயில் ஏறினோம். வழியெல்லாம் அவர், ஒரு மனிதரிடம் போய் "உங்களைக் கொல்லப்போகிறார்கள், அல்லது கலியாணம் கட்டிவைக்கப் போகிறார்கள்" என்று சட்டப்படி எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்தார். நான் கொண்டுபோன மீன் பட்டிஸ் முழுவதையும் சாப்பிட்டார். வசனம் மட்டும் கிடைக்கவில்லை.

சின்னவருடைய கடை நகரத்துக்குச் சற்று வெளியே இருந்தது. ஆள் உயரமில்லை. கழுத்தில் தடித்த சங்கிலி, கறுப்புக் கண்ணாடியைத் தலையில் ஏற்றியிருந்தான். கடைக்குப் பின்னால் சாமான் அறைக்கு எங்களைக் கூட்டிப்போனான். பருப்பு மூட்டையில் கொமிசார் குந்தினார். மூட்டை முனகியது.

கொமிசார் சொன்னார், நான் தமிழில் சொன்னேன்: "எங்களுக்கு ஒரு தகவல் கிடைத்திருக்கிறது. அதற்கு இரண்டு விளக்கம் இருக்கலாம். ஒரு விளக்கத்தின்படி உங்கள் உயிருக்கு ஆபத்து."

கறுப்புக் கண்ணாடி தலையிலிருந்து கீழே விழுந்தது. அவன் அதை எடுக்கவில்லை. கொமிசாரைப் பார்க்கவுமில்லை. என்னைப் பார்த்தான்.

"அக்கா, உங்களைக் கும்பிட்டன். நீங்கள் எங்கடை ஆள். உண்மையைச் சொல்லுங்கோ. என்னைக் கொல்லப்போறாங்களோ?"

பிள்ளைகளே, இந்தத் தொழிலில் இதைவிடக் கஷ்டமான இடம் எனக்கு வந்ததில்லை. "பயப்படாதையும் தம்பி, அது அநேகமாகக் கலியாணம்தான்" என்று ஒரு வசனம் சொன்னால் போதும், அவனுக்கு உயிர் வந்துவிடும். நாக்கு நுனியில் நிற்கிறது. ஆனால் அந்தக் கேள்வி என்னுடைய காதுக்கு வந்ததே தவிர எனக்கு வந்ததல்ல. நான் பதில் சொன்னால் அந்த அறையில் கொமிசாருக்குத் தெரியாத இன்னொரு விசாரணை தொடங்கிவிடும். அதோடு, என் பதில் பிழையாகப் போனால் அவன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படுப்பான்.

திரும்பிக் கொமிசாரைப் பார்த்து, வார்த்தைக்கு வார்த்தை ஜெர்மனில் சொன்னேன். கும்பிட்டதையும், எங்கடை ஆள் என்றதையும் சேர்த்து. தன்னைத் தனியாக விட்டுவிட்டேன் என்று அவன் நினைத்தது அவன் முகத்தில் தெரிந்தது. பொறுத்துக்கொண்டேன்.

கொமிசார் நேர்மையான மனிதர். "எங்களுக்குத் தெரியாது," என்றார். "மற்ற விளக்கம், உங்களுக்குக் கலியாணம் பேசப்போகிறார்கள் என்பது."

அதையும் சொன்னேன். அவன் மெல்லக் கேட்டான்: "கலியாணம் ஆரோடை? பெரியவற்றை மகளோடையோ?"

நான் மொழிபெயர்த்தேன்.

"ஐயோ அக்கா," என்றான், "அதுக்குக் கொல்லுறதே பரவாயில்லை."

அதையும் மொழிபெயர்த்தேன். குரல் ஆடாமல் மொழிபெயர்த்ததற்கு எனக்கு ஒரு சான்றிதழ் தந்திருக்கவேண்டும்.

ஏன் என்று கொமிசார் கேட்டார். அவன் வாயைத் திறந்தான். உடனே கொமிசார் கையைத் தூக்கி நிறுத்தினார். நீர் உமக்கே எதிராக எதுவும் சொல்லத் தேவையில்லை, பேசாமல் இருக்கலாம், வழக்கறிஞரைக் கேட்கலாம் என்று முழுவதையும் என்னைக்கொண்டு சொல்லவைத்தார். கொட்டத் துடிக்கிற ஒருவனிடம் அதை நிதானமாக, ஒரு சொல்லும் விடாமல் தமிழில் சொல்வது, ஓடுகிற ரயிலுக்கு முன்னால் நின்று பயணச்சீட்டுக் கேட்பது மாதிரி. சொன்னேன். விளங்கியதா என்று கேட்டேன். விளங்கியது என்றான். அதற்குப் பிறகும் பேசினான்.

தன்னிடம் கொப்பி எடுக்க மறுத்ததற்காக ஹம் கடைக் கண்ணாடியை உடைத்தது அவன்தான். பூட்டின கடைதானே, ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்று நினைத்தானாம். சில கிழமை கழித்து ஒரு நாள் அவனுடைய கடைக்கு ஒரு பெண் வந்தாள். சனம் நிறைய நின்றது. அவள் ஒன்றும் வாங்கவில்லை. கைப்பையிலிருந்து துணியில் சுற்றியதொன்றை எடுத்து அவன் முன்னால் மேசையில் வைத்துப் பிரித்தாள். விரல் நீளத்தில் கண்ணாடித் துண்டு.

"'இது பிள்ளையின்ரை தலையணையிலை கிடந்தது. வைச்சிருங்கோ' எண்டு சொன்னவள், அக்கா. சத்தம் போடேல்லை. வேறை ஒண்டும் சொல்லேல்லை. 'நான் இன்னாற்றை மகள்' எண்டு மட்டும் சொல்லிப்போட்டுப் போயிட்டாள்."

எழுந்து போய் மேசை லாச்சியைத் திறந்தான். துணியோடு அது அங்கேயே இருந்தது. எறிய மனம் வரவில்லை என்றான். வாழ்நாள் முழுக்க அந்தப் பெண்ணின் முகத்தில் விழிக்கத் தன்னால் ஏலாது என்றான். கொமிசார் துணியின் நுனியைப் பிடித்து அதைப் பைக்குள் போட்டார். திரும்பி வந்த ரயிலில் அவர் அமெரிக்காவைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

மற்றதெல்லாம் சுருக்கம். சின்னவர் பேசியதும் கடைக்காரர்களும் ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். பெரியவரும் சின்னவரும் கடைக்காரர்களை மிரட்டியதற்காகவும், சின்னவர் கண்ணாடிக்காகவும் நீதிமன்றம் வந்தார்கள். இருவரும் சிறைக்குப் போகவில்லை. தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. பங்குபோட்ட ஊர்கள் ஒருவருக்கும் உதவவில்லை. கொஞ்சக் காலத்தில் எல்லாரும் வீட்டிலேயே இணையத்தில் படம் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். கலியாணமும் நடக்கவில்லை. பெரியவர் உண்மையில் கலியாணத்தைத்தான் சொன்னாராம். மதுரைத் தம்பிக்கு அதை அறிவித்தேன். "சாரி மேடம்" என்றார். "சொறி வேண்டாம், எங்கடை ஊர்த் தமிழையும் படியும்" என்றேன்.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது அந்த விசாரணை நாளைத்தான்.

நீதிபதி ஒரு பெண். குற்றம் சாட்டப்பட்டவர்கள் இருவருக்கும் நடுவில் என்னுடைய கதிரை. சாட்சி ஜெர்மனில் சொல்லச்சொல்ல நான் இரண்டு பக்கமும் கேட்கும்படி தாழ்ந்த குரலில் தமிழில் சொல்லவேண்டும். நிரோஷா சாட்சியாக வந்தாள். பல் வைத்தியரிடம் வேலை முடிந்த கையோடு வந்திருக்கவேண்டும், வெள்ளைச் சப்பாத்து மாற்றவில்லை. நீதிபதி அவளிடம், "இவர் உங்கள் தகப்பன். நீங்கள் சாட்சி சொல்ல மறுக்கலாம். மறுத்தால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்" என்றார்.

பெரியவர் மூச்சை விட்டார். மறுத்துவிடுவாள் என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"சொல்கிறேன்," என்றாள், ஜெர்மனில்.

உங்களில் சிலர் இப்படியான இடத்தில் "அவ சொல்லுறா, தன்னை ஒருத்தரும் கேட்கேல்லையாம்" என்று மொழிபெயர்க்கிறீர்கள். பாதுகாப்பாக ஒரு அடி தள்ளி நிற்கிறீர்கள். எனக்கு விளங்குகிறது. ஆனால் விதி அப்படியில்லை. சாட்சி "நான்" என்றால் நீங்களும் "நான்" தான். அன்றைக்கு நான் ஒரு தகப்பனின் காதுக்குள் அவருடைய மகளாக இருந்தேன்.

"என்னை ஒருத்தரும் கேட்கேல்லை," என்றேன். "ஊருகளைப் பிரிச்ச மாதிரி என்னையும் ஒரு ஊருக்குப் பிரிச்சது, பொலிஸ் கேட்கேக்கைதான் எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளையின்ரை தாய் எங்கடை வீட்டை வந்து அழுதவ. அப்பா, நான் போய் அவனோடை கதைக்கிறன் எண்டு சொன்னவர். அடுத்த கிழமை, அடுத்த கிழமை எண்டு சொன்னவர். ஆரோ ஒராள் போகத்தானே வேணும். நான் போனன்."

பெரியவர் என் பக்கம் சரிந்தார். "தனியவோ போனவள்?" என்று கேட்டார்.

அது எனக்கு வந்த கேள்வி இல்லை. எழுந்து நின்று, குற்றம் சாட்டப்பட்டவர் ஒன்றைக் கேட்கிறார் என்று நீதிபதியிடம் ஜெர்மனில் சொன்னேன். நீதிபதி தலையசைத்தார். தகப்பன் கேட்டது மகளுக்குத் தமிழிலேயே விளங்கியிருந்தது, அது எனக்குத் தெரியும். இருந்தும் நான் ஜெர்மனில் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்தாள். தமிழில் பதில் சொன்னால் தகப்பனின் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். அவளுக்கு இடையில் ஒரு சுவர் வேண்டியிருந்தது, நான் அந்தச் சுவராக நின்றேன். நீதிபதியைப் பார்த்துக்கொண்டே, "ஆம், தனியாக," என்றாள்.

"ஓம். தனிய," என்றேன் அவர் காதுக்குள்.

அவளைப் போகலாம் என்றார்கள். அவள் போகவில்லை. பின்னால் சனம் இருக்கிற வாங்குகளில் கடைசி வரிசைக்குப் போய், கதவுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

இந்த நாட்டு நீதிமன்றத்தில் தீர்ப்புக்கு முன் கடைசிச் சொல் குற்றம் சாட்டப்பட்டவருக்கு உரியது. சின்னவர் தன்னுடைய வழக்கறிஞர் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னான், பிறகு தானாகவே அந்தக் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டான். அடுத்தது பெரியவர். அவருக்கும் வழக்கறிஞர் நாலு நல்ல வசனம் பாடமாக்கிக் கொடுத்திருந்தார். காலையில் நடைபாதையில் அவர் அதை முணுமுணுத்ததை நான் கேட்டேன். நானும் மனதுக்குள் அதன் ஜெர்மனைத் தயாராக வைத்திருந்தேன். நீங்களும் வைத்திருப்பீர்கள், இல்லையென்று சொல்லாதீர்கள்.

அவர் எழுந்தார். நீதிபதியைப் பார்க்கவில்லை, பின்னால் திரும்பியும் பார்க்கவில்லை. தன்னுடைய கைகளைப் பார்த்தார்.

"அங்கை போயிருக்கவேண்டியது நான்," என்றார்.

நான் தயாராக வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. அந்த ஒரு வசனத்தை, "நான்" என்றே, ஜெர்மனில் சொன்னேன். நீதிபதி பேனையைப் பிடித்தபடி மிச்சத்துக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்வளவுதானா என்று கேளுங்கள்," என்றார்.

கேட்டேன்.

"அவ்வளவுதான்," என்றார் பெரியவர். கதிரையில் உட்கார்ந்தார்.

நான் அதையும் மொழிபெயர்த்துவிட்டு இருக்கப் போனபோது பின்னால் சத்தம் கேட்டது. நிரோஷா கடைசி வரிசையிலிருந்து எழுந்து, வெள்ளைச் சப்பாத்து பலகைத் தரையில் கிறீச்சிட நடந்து வந்து, தகப்பனுக்கு நேர் பின்னால் முதல் வரிசையில் இருந்தாள்.